ரெண்டே நிமிஷத்துல புரட்டி வெச்சுடுறாங்க: படப் புத்தக வகுப்பை எப்படி நடத்துவது?

மூணாம்_மணி கேட்கிறார்:

பள்ளி நூலகம். 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள். படப் புத்தகங்கள் 180 இருக்கும். பெரும்பாலும் நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள், கெட்டி அட்டை போட்டவை முப்பதைத் தாண்டாது. சிக்கல்கள்:

1. கையில் கொடுத்தால் இரண்டே நிமிடம். புரட்டிவிட்டு "முடிச்சிட்டேன், வேற குடுங்க" என்று வந்து நிற்கிறார்கள்.
2. நான் வாசித்துக் காட்டினால் முன்வரிசை மட்டும் கேட்கிறது. பின்னால் ஒரே சலசலப்பு.
3. கேள்வி கேட்டால் எப்போதும் அதே நாலு கைதான் எழும்புகிறது.
4. மூன்றாம் வகுப்பு தாண்டியவர்கள் "இது சின்னப் பசங்க புக்கு" என்று தொடுவதே இல்லை.
5. பின் அடித்த புத்தகங்களில் நடுத்தாள் கழன்று வருகிறது.

"வாசிப்பை நேசிக்க வையுங்கள்" மாதிரி அறிவுரை வேண்டாம், ப்ளீஸ். நாளைக்கே போய்ச் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

உரக்கப்படி:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். பின்வரிசை பேசுவது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, பார்வைப் பிரச்சினை. படம் தெரியாத பிள்ளைக்குப் படப் புத்தகத்தில் பாதிதான் கிடைக்கிறது. மீதி நேரத்துக்கு அது வேறு வேலை தேடிக்கொள்ளும்.

38 பேருக்கு ஒரே புத்தகத்தைக் காட்ட முடியாது. முயலவே வேண்டாம். வகுப்பை 19, 19 ஆகப் பிரியுங்கள். ஒரு பாதி உங்களிடம் கதை கேட்கட்டும், மறுபாதி ஜோடி ஜோடியாகப் புத்தகம் பார்க்கட்டும், பிறகு மாற்றுங்கள். நேரக் கணக்கு: உட்கார 3 நிமிடம், முதல் வாசிப்பு 12, இடம் மாற 3, இரண்டாம் வாசிப்பு 12, புத்தகம் எடுத்துப் பதிய 10. சரியாக 40.

கேட்கும் 19 பேரும் தரையில் மூன்று வளைவாக உட்காரட்டும்: 5, 6, 8. முதல் வளைவு உங்களிடமிருந்து 1 மீட்டர், கடைசி இரண்டரை மீட்டருக்குள். நீங்கள் குட்டை ஸ்டூலில். புத்தகத்தின் கீழ் விளிம்பு முன்வரிசைப் பிள்ளையின் தலைக்கு மேலே இருந்தால்தான் கடைசி வளைவுக்குத் தெரியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பக்கம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். வழவழப்பான தாள் என்றால் நேர் எதிரே டியூப்லைட்டும் இருக்கக் கூடாது, பளபளப்பு படத்தை விழுங்கிவிடும். வகுப்புக்கு முன் புத்தகத்தை ஸ்டூல்மேல் சாய்த்து வைத்துவிட்டு நீங்களே கடைசி இடத்தில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். அரை நிமிட வேலை. பாத்திரத்தின் முகபாவம் அங்கிருந்து தெரியவில்லையா? அது மடியில் வைத்துப் படிக்கும் புத்தகம், கூட்டத்துக்கு ஆகாது. பொடிப்பொடி விவரம் நிறைந்த புத்தகங்கள் எல்லாம் ஜோடிக்குப் போகட்டும்.

பிடிக்கும் விதம்: ஒரு கையால் கீழிருந்து, நடு மடிப்பில். கட்டைவிரல் முன்னால், மற்ற விரல்கள் பின்னால். புத்தகம் தோளுக்குப் பக்கத்தில், பக்கம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து. தாளை மேல் மூலையில் பிடித்துத் திருப்புங்கள். கீழ் மூலையில் பிடித்தால் உங்கள் கையே படத்துக்குக் குறுக்கே போகும். இப்படிப் பிடித்தால் எழுத்து உங்களுக்குச் சாய்வாகத்தான் தெரியும், அதனால் முன்பே இரண்டு தடவையாவது வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். விரிபக்கத்துக்கு (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) ஐந்து வரிக்கு மேல் எழுத்து இருந்தால் இந்த வயதுக் கூட்டத்துக்கு நீளம்.

வாசித்துக்கொண்டே புத்தகத்தை இடம் வலமாக ஆட்டுவதைப் பலர் செய்கிறார்கள். அதில் யாருக்குமே படம் நிற்காது. வாசிக்கும்போது அசைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் மும்மூன்று நொடி நிறுத்துங்கள்.

பக்கம்32:

மேலே சொன்னது சரியாக அமைந்தால் பாதிச் சிக்கல் போய்விடும். நான் 1, 3 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் முடிப்பது ஏன்? பிள்ளைகளைப் பொறுத்தவரை "படிப்பது" என்றால் எழுத்தைக் கடப்பது. நாமும் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். எழுத்து கொஞ்சம் என்றால் வேலையும் கொஞ்சம்! படத்தையும் வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், பெரியவர் வாசித்துக் காட்டும்போது அவர்கள் கண் இயல்பாகவே படத்தில்தான் இருக்கிறது. மழலையர்களின் கண் அசைவைக் கருவி வைத்து அளந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. எழுத்தின் பக்கம் அவர்கள் பார்வை மிக அரிதாகவே போனது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

ஜோடிக்கு ஒரு புத்தகம். ஆளுக்கொன்று கொடுத்தால் புரட்டல் போட்டிதான் நடக்கும். கூடவே விரல் அகலத்தில் இரண்டு காகிதத் துண்டு. "எழுத்தில் சொல்லாத, படத்தில் மட்டும் இருக்கிற விஷயம் இரண்டு கண்டுபிடித்து அந்தப் பக்கத்தில் வையுங்கள்." அவ்வளவுதான் வேலை. எழுதச் சொல்லாதீர்கள். எழுதச் சொன்ன மறு வாரமே அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். அவசரக்காரர்களுக்கு: உள்ளங்கை அளவு அட்டையின் நடுவில் 5 செ.மீ. சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். படத்தின் மேல் அதை நகர்த்திப் பார்க்கும்போது கண் தானாக நிதானப்படும்.

அடுத்து, பக்கம் திருப்புவது. பெரிய தாளை மடித்து 16 பக்கம், அதுபோல் இரண்டு சேர்ந்தால் 32. படப் புத்தகங்களில் பரவலான அளவு அதுதான். தலைப்பு, பதிப்பு விவரம் போக 12 முதல் 14 விரிபக்கத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும். அதனால் கதை சொல்பவருக்குத் தாள் திருப்பும் அந்த நொடிதான் பெரிய ஆயுதம். வலப்பக்கத்துக் கடைசி வரியில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டு, திருப்பினால் பதில் என்று வைத்திருப்பார்கள். நீங்கள் பேசிக்கொண்டே திருப்பினால் அது வீண். கடைசி வரி, ஒரு மூச்சு, மெதுவாகத் திருப்பல், முதலில் படம், அப்புறம் குரல்.

கேள்விகள்: ஒரு புத்தகத்துக்கு மூன்று அல்லது நான்கு நிறுத்தம், அதற்கு மேல் வேண்டாம். எங்கே என்பதை முன்பே முடிவு செய்து ஸ்டிக்கி நோட் ஒட்டி வையுங்கள். "இது என்ன கலர்?", "எத்தனை வாத்து?" வகை கேள்விக்கு ஒற்றைச் சொல் பதில்தான் வரும், அதோடு பேச்சு செத்துவிடும். அருங்காட்சியகங்களில் ஓவியம் பார்க்கக் கற்றுத்தர ஹவுசன், யெனவைன் இருவரும் உருவாக்கிய மூன்று கேள்விகள் இங்கே அப்படியே பொருந்தும்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவதுதான் உயிர். "அவ கோவமா இருக்கா" என்று வந்தால் அதோடு விடாமல் "எத வெச்சு சொல்ற?" என்று கேட்டால், புருவம், மூடிய கை, தள்ளி வைத்த தட்டு என்று படத்துக்குள் இறங்குவார்கள்.

அதே நாலு கை ஏன்? நாம் காத்திருப்பதில்லை. வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். இன்னொன்று: முதல் பதிலுக்கே "சபாஷ், கரெக்ட்" என்று சொல்லாதீர்கள். விடை கிடைத்துவிட்டது என்று மற்ற கைகள் இறங்கிவிடும். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அந்த இடத்தை விரலால் காட்டி, அடுத்த ஆளைப் பாருங்கள்.

வாசிப்பதற்கு முன் அட்டை, உள்ளட்டைத் தாள், பிறகு எல்லாப் படங்களையும் ஒரு சுற்றுக் காட்டிவிடுவது நல்லது. கதையை ஊகிக்க வைக்கலாம்.

அலமாரிக்காரி:

பக்கம்32 சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். தாள் திருப்புவதுதான் ஆயுதம் என்று நீங்களே சொல்லிவிட்டு, முன்கூட்டியே எல்லாப் படத்தையும் காட்டச் சொன்னால் எப்படி? கடைசிப் பக்கத்தில் திருப்பம் உள்ள கதைக்கு அது கொலை. தகவல் புத்தகத்துக்கு, புதிய சொற்கள் நிறைய உள்ள புத்தகத்துக்கு வேண்டுமானால் செய்யலாம். கதைக்கு அட்டையும் உள்ளட்டைத் தாளும் போதும்.

இனி அலமாரி. 180 புத்தகத்தையும் முதுகு தெரிய அடுக்கியிருந்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் கோடுகள். பின் அடித்த புத்தகத்துக்கு முதுகே கிடையாது. முகப்பு தெரிய வையுங்கள். மொத்தமும் முடியாது, தேவையும் இல்லை. ஒரே நேரத்தில் 30 முதல் 40 வரை போதும். மீதி பெட்டியில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், போன வாரம் பார்த்ததை மறுபடி தேடி வரும் பிள்ளை ஏமாறும். ரேக் உயரம் 90 செ.மீ. தாண்டக் கூடாது. ரேக் இல்லையென்றால் சுவரில் 60 செ.மீ. உயரத்தில் நைலான் கயிறு கட்டி, நடுப்பக்கத்தில் கவிழ்த்துத் தொங்கவிடலாம் என்று பலர் சொல்வார்கள். பின் அடித்த புத்தகத்தை அப்படித் தொங்கவிட்டால் உங்கள் ஐந்தாவது சிக்கல் இரட்டிப்பாகும். அகலம் குறைந்த பலகை, முன்னால் ஒரு தடுப்புக் கம்பி, அதில் சாய்த்து வையுங்கள்.

எடுத்த புத்தகம் இடம் மாறாமல் இருக்க, 30 க்கு 5 செ.மீ. அட்டைப் பட்டை பிள்ளைக்கு ஒன்று. அவரவர் வரைந்த படம் அதில். புத்தகத்தை எடுத்த இடத்தில் பட்டையை வைக்க வேண்டும், திருப்பி வைக்கும்போது பட்டையை எடுக்க வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் இது புரியும்.

"சின்னப் பசங்க புக்கு" பேச்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் ஒட்டிய லேபிளிலிருந்து. "வகுப்பு 1–2" என்று அட்டையில் ஒட்டிவிட்டு நான்காம் வகுப்புக்காரன் தொடவில்லை என்றால் அவன்மேல் என்ன குற்றம்? ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் விதியாகவே வகுத்தார். அந்த வாசகருக்கு வயது வரம்பு எதையும் போடவில்லை. லேபிளை உரித்துவிட்டு, சிரிப்பு, விலங்கு, எழுத்தில்லாதவை, உண்மைத் தகவல் என்று நிறப் பட்டையால் பிரியுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: நான்கு, ஐந்தாம் வகுப்பிலிருந்து வாரம் நாலு பேர், ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைத் தயார் செய்து ஒன்றாம் வகுப்பில் ஐந்தைந்து பேருக்கு வாசித்துக் காட்டட்டும். தயார் செய்ய வேண்டுமானால் அதை நாலைந்து தடவை படித்தாக வேண்டும். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பெரிய பிள்ளைக்கு, எளிய புத்தகத்தை வெட்கமில்லாமல் கையில் எடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மூணாம்_மணி:

மிக்க நன்றி. 19–19 கணக்கு நாளையே. மூன்று சந்தேகம். ஒன்று, புத்தகத்தில் "வியப்புற்றது", "கூறியது" என்று எழுத்து நடை. வாசிக்கும்போது பேச்சு நடைக்கு மாற்றலாமா? இரண்டு, வகுப்பில் சிலருக்கு வீட்டு மொழி வேறு. மூன்று, புரொஜெக்டர் இருக்கிறது. படங்களை போட்டோ எடுத்துச் சுவரில் காட்டிவிட்டால் 38 பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாமே?

உரக்கப்படி:

நடை: வரியை மாற்றாதீர்கள். நாளை அதே புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை, காதில் கேட்ட சொல்லைத்தான் தாளில் தேடும். நீங்கள் "சொல்லுச்சு" என்று வாசித்திருந்தால் "கூறியது" அதற்கு முட்டுச்சந்து. அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, கடினச் சொல்லுக்கு மட்டும் அதே மூச்சில் பேச்சு வழக்கை ஒட்டிவிடுங்கள்: "யானை வியப்புற்றது... 'அட!'ன்னு வாயப் பொளந்து நின்னுச்சு." விளக்கவுரை ஆற்றக் கூடாது, நடித்துக் காட்டினால் போதும். இப்படி ஒரு புத்தகத்துக்கு ஐந்தாறு சொல். பாத்திரங்கள் பேசும் வசனத்தில் மட்டும் தாராளமாகப் பேச்சு ராகம் வரலாம்.

ஒரே புத்தகத்தை மூன்று வாரம் வாசிக்கவும் தயங்காதீர்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட 3 வயதுக் குழந்தைகள், வேறு வேறு கதைகள் கேட்டவர்களைவிடப் புதிய சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஹார்ஸ்ட் குழுவின் 2011 ஆய்வு காட்டியது. முதல் வாரம் ஒரே நிறுத்தம், கதை ஓடட்டும். இரண்டாம் வாரம் அந்த மூன்று, நான்கு கேள்விகள். மூன்றாம் வாரம் வரியின் கடைசிச் சொல்லை நீங்கள் விழுங்கிவிடுங்கள்: "தவளை குளத்தில் விழுந்தது..." "தொபுக்கடீர்!" என்று அவர்கள் முடிக்கட்டும். சளசள, கிறீச், மடமட மாதிரி ஒலிச் சொற்கள் வரும் இடம்தான் இதற்குத் தோது.

பக்கம்32:

அலமாரிக்காரி சொன்னது சரிதான், திருப்பமுள்ள கதைக்கு என் யோசனை பொருந்தாது. பின்வாங்குகிறேன்.

வீட்டு மொழி வேறாக இருப்பவர்களுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகம். ஆனால் அதை அப்படியே கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் புரட்டிவிடுவார்கள். முதலில் நீங்கள் எதுவும் சொல்லாமல், தாளுக்குப் பத்து நொடி வீதம் ஒரு தடவை காட்டுங்கள். இரண்டாம் சுற்றில் விரிபக்கத்துக்கு ஒரு பிள்ளை ஒரு வாக்கியம், எந்த மொழியிலும். அந்த மொழி தெரிந்த வேறொரு பிள்ளை தமிழில் சொல்லட்டும். யாருக்கும் தெரியாவிட்டால் கையும் முகமும் பேசும், படம் மீதியைச் சொல்லிவிடும். பிழை திருத்தாதீர்கள். "பூனை... மேல" என்று வந்தால் "ஆமா, பூனை கூரைமேல ஏறிடுச்சு" என்று நீட்டித் திருப்பிக் கொடுங்கள். ஒயிட்ஹர்ஸ்ட் குழு 1988-இல் பரிசோதித்த உரையாடல் வாசிப்பு முறையின் முக்கியக் கூறுகளில் ஒன்று இந்த நீட்டல்.

புரொஜெக்டரை முதல் வாசிப்புக்கு வேண்டாம் என்பேன். அறையை இருட்டாக்க வேண்டும், உங்கள் முகம் தெரியாது, தாள் திருப்பும் அந்த மூச்சு ஒரு கிளிக் ஆகிவிடும். வண்ணமும் வெளிறும். முழுப் புத்தகத்தையும் படமெடுத்து வைப்பதில் காப்புரிமைச் சிக்கலும் உண்டு. கேமரா ஸ்டாண்ட் இருந்தால், வாசித்து முடித்தபின் நுணுக்கமான ஒரே ஒரு விரிபக்கத்தை அதன் கீழ் வைத்துப் பெரிதாக்கி ஐந்து நிமிடம் துழாவலாம். அதற்கு அருமையான கருவி.

பசைவாளி:

ஐந்தாவதை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

நடுத்தாள்தான் முதலில் கழலும். பின்னின் கால்கள் மடங்கி நிற்பது அந்தத் தாளின்மேல்தான், பிள்ளைகள் பிரித்து அழுத்தும் இடமும் அதுதான். மறுபடி பின் அடித்தால் பழைய ஓட்டை பெரிதாகிக் கிழியும். தைத்துவிடுங்கள். பழைய பின்னைக் கழற்றி, நடு மடிப்பில் மூன்று துளை: ஒன்று நடுவில், மற்ற இரண்டு மேல் கீழ் விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே. பின் ஓட்டை உள்ள இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். கெட்டி நூல், புத்தக உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் வர வேண்டும், அதைச் சேர்த்துப் பிடித்து முடிச்சு. ஒரே பக்கம் வந்தால் தையல் தொளதொளக்கும். புதுப் புத்தகம் வந்தவுடனே, கழலும் முன்பே, இதைச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

கிழிந்த தாளுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச காலத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் படமும் சேர்ந்து வரும். கிழிசலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாகப் பிசிறு தெரியும். அதில் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளைப் பசையை மயிரிழையாகத் தடவி, பிசிறோடு பிசிறு பொருத்தி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். பட்டர் பேப்பரை மறந்தால் காலையில் மூன்று பக்கம் ஒன்றாகியிருக்கும். மைதா பசை வேண்டாம், பூச்சி தேடி வரும்.

கிழித்த பிள்ளையைத் தண்டிக்காதீர்கள், கிழிசலை ஒளித்துவைக்கத்தான் பழகும். நுழைவாயிலில் "ஆஸ்பத்திரி" என்று எழுதி ஒரு அட்டைப் பெட்டி. கிழிந்ததை அதில் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால், கிழிந்த துண்டும் சேர்ந்தே வரும். துண்டு கிடைத்தால்தானே ஒட்ட முடியும்?